டிஎன்எஸ் மாற்றியதும் அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வருகிறதா? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் அறை கேட்டு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். இணையத்தளத்தைப் புதுப்பிக்கும் ஆசையும் பலருக்கு அதே வாரத்தில்தான் பிறக்கிறது. புதிய தளம் அழகாக வந்துவிடும். அனுப்பிய பதில்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். கணினி, வலையமைப்பு வேலை பார்க்கிற நான் இந்த ஒரு கோளாறுக்காக நிலாவெளியிலிருந்து கிண்ணியா வரை அலைந்திருக்கிறேன். என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் டிஎன்எஸ் மட்டும்தான் மாற்றினேன். மின்னஞ்சலைத் தொடவே இல்லை. அது ஏன் கெட்டது?

டிஎன்எஸ் என்பது பெயரைச் சொன்னால் எண்முகவரியைச் சொல்லும் ஏற்பாடு என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். மின்னஞ்சல் விடயத்தில் அது இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு கிராம உத்தியோகத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கணக்குத் திறக்கப் போனால், "இவர் உங்கள் பிரிவில்தான் வசிக்கிறாரா?" என்பதற்கு அவருடைய வதிவிடச் சான்றிதழ்தான் பதில். உங்கள் மின்னஞ்சல் ஜிமெயிலின் வாசலில் போய் நிற்கும்போதும் இதே விசாரணை நடக்கிறது. "இந்த டொமைனின் பெயரில் கடிதம் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டா?" என்று உங்கள் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறார்கள்.

நேம்சர்வரை, அதாவது உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை, மாற்றுவது வேறொரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குக் குடிபெயர்வது போன்றது. புதியவரின் பதிவேட்டில் உங்கள் குடும்பம் தானாக ஏறிவிடாது. யாராவது எழுத வேண்டும்.

இன்னொன்று. "டிஎன்எஸ் மாற்றினேன்" என்று நான்கு வெவ்வேறு வேலைகளை மக்கள் சொல்கிறார்கள்: டொமைனின் நேம்சர்வரை மாற்றியது, ஒரே ஒரு பதிவைத் திருத்தியது, வீட்டு ரௌட்டரில் 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ்ஸைப் போட்டது, மெயில் சர்வர் விசாரிக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றியது. நான்குக்கும் வைத்தியம் வேறு. எதை மாற்றினீர்கள் என்று தெரியாமல் நான் எதையும் தொடுவதில்லை.

திரும்பி வந்த கடிதம் முழுக்க ஆங்கிலம். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று இலக்க எண்ணை. அதுவே போதுமான அளவு பேசும். 4இல் தொடங்கினால் "இப்போது முடியாது, பிறகு வா" என்று பொருள். உங்கள் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். 5இல் தொடங்கினால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. கூடவே புள்ளி வைத்த இன்னொரு எண் இருக்கும். ஜிமெயிலிலிருந்து 550, 5.7.26 என்று வந்தால் அனுப்பியவரின் அடையாளத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்று அர்த்தம். 5.7.25 என்றால் எண்முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவில் குறை. "அனுப்புநரின் டொமைன் காணப்படவில்லை" என்ற கருத்தில் 450, 4.1.8 வந்தால் உங்கள் டொமைனே அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்து, அந்தச் செய்தியை எழுதியது யார் என்று பாருங்கள். உங்கள் சர்வரே எழுதியிருந்தால், அதனால் பெறுநரின் சர்வரைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போயிருக்கலாம். அந்தப் பக்கத்து சர்வர் சொன்னதை மேற்கோளாகக் காட்டியிருந்தால், வாசல் வரை போய்த் துரத்தப்பட்டிருக்கிறீர்கள். தேட வேண்டிய இடம் இதிலேயே பாதி தெளிந்துவிடும். ஆனால் பெரும்பாலானோர் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் அழிக்கிறார்கள். அழிக்காதீர்கள். எனக்கு அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதுவும் பாதியை வெட்டி, வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

எனக்கு வரும் மெயில் ஒழுங்காக வருகிறது. நான் அனுப்புவதுதான் திரும்புகிறது. இது எப்படிச் சாத்தியம்?

வரும் பாதையும் போகும் பாதையும் வேறு. உங்களுக்குக் கடிதம் வர, அது எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் பதிவு இருந்தால் போதும். நீங்கள் அனுப்புவதை மற்றவர் ஏற்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய பதிவுகள் வேண்டும். எஸ்பிஎஃப் என்பது எந்தெந்த சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் ஒப்பத்தைச் சரிபார்க்கும் சாவி. இவை இரண்டும் தவறினால் என்ன செய்யலாம் என்று நீங்கள் பிறருக்குச் சொல்லிவைப்பது டிமார்க். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். முன்பு எதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்ததே என்று வாதாடிப் பயனில்லை.

உப்புவெளியில் ஒரு சிறு விடுதி. நடத்துபவர் எல்லோருக்கும் அக்கா. "தம்பி, ஜெர்மன்காரருக்கு மூன்று தரம் பதில் அனுப்பிவிட்டேன், மூன்று தரமும் திரும்பி வந்துவிட்டது. அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று அழைத்தார். போய்ப் பார்த்தேன். தளம் செய்தவர் நேம்சர்வரை மாற்றிவிட்டு, தளத்தின் எண்முகவரியைக் காட்டும் ஏ பதிவையும் எம்எக்ஸ் பதிவையும் மட்டும் புதிய இடத்தில் கையால் எழுதியிருந்தார். எஸ்பிஎஃப், டிகிம் போன்றவற்றை எழுதும் டெக்ஸ்ட் பதிவுகள் ஒன்றுகூட இல்லை. ஆகவே வரவு சரி, போக்கு இல்லை.

எஸ்பிஎஃப் பதிவை எழுதினோம். ஒரு மணிநேரத்தில் ஜிமெயிலுக்குப் போகத் தொடங்கியது. அக்கா தேநீரும் வாய்ப்பனும் கொண்டுவந்து வைத்தார். தேநீர் முடிவதற்குள் இன்னொரு கடிதம் திரும்பி வந்தது. அதில் வேடிக்கை என்னவென்றால், "இந்த முகவரிக்குக் கொடுக்க முடியவில்லை" என்று குறிப்பிட்டிருந்த முகவரிக்கு அக்கா ஒருபோதும் எழுதியதே இல்லை.

அவர் எழுதியது ஒரு பயண முகவர் நிலையத்துக்கு. அந்த நிலையம் வரும் கடிதங்களைத் தன் ஊழியர் ஒருவரின் ஜிமெயிலுக்குத் தானாக மறு அனுப்பல் செய்கிறது. அப்படி மறு அனுப்பல் ஆகும்போது கடிதம் நிலையத்தின் சர்வரிலிருந்து புறப்படுவதால் எஸ்பிஎஃப் சோதனை தோற்றுவிடும். கடிதத்தோடு கூடவே பயணிப்பது டிகிம் ஒப்பம் மட்டும்தான். தளம் செய்தவரை அழைத்துக் கேட்டோம். "டிகிம் சற்று முன்புதான் போட்டேனே" என்றார். உண்மைதான், போட்டிருந்தார். ஆனால் ஏதோ வழிகாட்டியில் பார்த்தபடி "டிஃபால்ட்" என்ற பெயரில்.

டிகிம் சாவிக்கு ஒரு பெயர் உண்டு. கடிதம் எந்தப் பெயரைச் சொல்கிறதோ அந்தப் பெயரில்தான் டிஎன்எஸ்ஸில் தேடுவார்கள். அக்காவின் மகள் பேராதனையில் படிக்கிறாள். தாய் சில வாரங்களுக்கு முன் அனுப்பிய பழைய மெயில் ஒன்று அவளுடைய ஜிமெயிலில் இருந்தது. அதைத் திறந்து "மூலத்தைக் காட்டு" என்பதை அழுத்தி, டிகிம் ஒப்பப் பகுதியில் "எஸ்" என்ற எழுத்துக்கும் சமன் குறிக்கும் பிறகு வருவதை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னோம். "டிஃபால்ட்" இல்லை, வேறு பெயர். அந்தப் பெயரில் பதிவைத் திருத்தி எழுதினோம். மாலை ஆறு மணிக்கு முகவர் நிலையத்திலிருந்து பதில் வந்தது. நேம்சர்வர் மாற்றத்தின்போது பழைய பதிவுகளைத் தானாகத் தேடிப் பிடிக்கும் வசதி சில இடங்களில் உண்டு. ஆனால் டிகிம் பதிவின் பெயரை ஊகிக்க எந்தக் கருவியாலும் உறுதியாக முடியாது. அதனால்தான் அது எப்போதும் விடுபட்டுப்போகிறது.

நேம்சர்வரையும் மாற்றவில்லை. தளத்தை மட்டும் வேறு சர்வருக்குக் கொண்டுபோனோம். அதற்குமா மெயில் திரும்பும்?

திரும்பும். இது ஆளைச் சுற்றவைக்கும் வகை. பல எஸ்பிஎஃப் பதிவுகளில் "ஏ" என்று ஓர் எழுத்து தனியாக நிற்கும். "என் டொமைனின் ஏ பதிவு எந்த ஐபியை (எண்முகவரியை) காட்டுகிறதோ அது அனுப்பலாம்" என்பது அதன் பொருள். தளமும் மெயிலும் ஒரே சர்வரில் இருந்த காலத்தில் அது சரி. தளத்தைப் பெயர்த்து ஏ பதிவை மாற்றியதும், அந்த எழுத்து புதிய சர்வருக்கு அனுமதி கொடுத்து, மெயில் அனுப்பும் பழைய சர்வரின் அனுமதியைப் பறித்துவிடுகிறது. எஸ்பிஎஃப்பில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, ஆனாலும் பொருள் மாறிவிட்டது. பழைய சர்வரின் ஐபியை வெளிப்படையாக எழுதினால் தீரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மெயிலை மட்டும் கூகுளுக்கோ மைக்ரோசாப்டுக்கோ மாற்றியிருப்பீர்கள். தளத்தின் முன்பதிவுப் படிவம் உங்கள் முகவரிக்கு அனுப்புவது மட்டும் "அப்படி ஒருவர் இங்கு இல்லை" என்று திரும்பும். தளம் இருக்கும் சர்வர் இன்னும் தன்னையே உங்கள் டொமைனின் தபால் நிலையமாக நினைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே போய் எம்எக்ஸ் விசாரிக்காமல் வீட்டுக்குள்ளேயே தேடிக் கைவிரிக்கிறது. சிபேனல் என்ற சர்வர் கட்டுப்பாட்டுப் பலகையில் மின்னஞ்சல் வழிப்படுத்தல் என்ற பகுதியில் "உள்ளூர்" என்றிருப்பதைத் "தொலை" என்று மாற்றுங்கள்.

"48 மணிநேரம் பொறுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். பொறுக்கலாமா?

எனக்குப் பிடிக்காத பதில் இது. பாதி உண்மை என்பதால்தான் பிடிக்கவில்லை. .காம் போன்ற மேல்நிலை டொமைன்களில் நேம்சர்வர் விவரத்தின் ஆயுட்காலம் 172800 விநாடி. கணக்குப் போட்டால் சரியாக 48 மணிநேரம். பழைய நேம்சர்வரை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் அதிகபட்சம் அவ்வளவு நேரம் அங்கேயே போய்க் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் எழுதப்படாத பதிவு 48 மணிநேரத்தில் முளைக்காது. இரண்டு ஆண்டு பொறுத்தாலும் முளைக்காது. ஆகவே முதலில் உங்கள் புதிய நேம்சர்வரிடமே நேராகக் கேளுங்கள். டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் என்எஸ்லுக்கப் கட்டளையின் இறுதியில் அந்த நேம்சர்வரின் பெயரைச் சேர்த்தால் இடையில் யாரும் இல்லாமல் அதுவே பதில் சொல்லும். அங்கே பதிவு சரியாக இருந்தால் பொறுங்கள். அங்கேயே இல்லையென்றால் பொறுப்பது வீண். பருவ காலத்தில் இரண்டு நாள் என்பது எத்தனை அறைகள் என்று விடுதிக்காரருக்குத் தெரியும்.

"இல்லை" என்ற பதிலும் நினைவில் தங்கும். பதிவை எழுதுவதற்கு முன்பே அவசரப்பட்டுச் சோதித்துப் பார்த்தால், அந்த "இல்லை"யைச் சில மணிநேரம் வரை ரிசால்வர், அதாவது டிஎன்எஸ் விசாரித்துப் பதில் கொண்டுவரும் சர்வர், சொல்லிக்கொண்டே இருக்கக்கூடும். எழுதிவிட்டுச் சோதியுங்கள்.

ஒரே கடிதம் ஒருவருக்குப் போகிறது, இன்னொருவருக்குத் திரும்புகிறது. ஏன்?

கன்னியாவில் ஏழு கிணறுகளும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ரிசால்வர்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் உங்கள் பதிவை வெவ்வேறு நேரத்தில் கேட்டு நினைவில் வைத்திருக்கும். மாற்றம் செய்த முதல் நாளில் பதில்கள் கலந்து வருவது இயல்பு.

மூன்று நாள் கழிந்தும் கலந்தே வந்தால், டிஎன்எஸ் பதில்கள் உண்மையானவையா என்று ஒப்பமிட்டுச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக்கைச் சந்தேகியுங்கள். பழைய இடத்தில் அதை இயக்கியிருந்தால் உங்கள் டொமைனின் மேல்நிலைப் பதிவகத்தில் டிஎஸ் என்ற பதிவு ஒன்று இருக்கும். நேம்சர்வரை மாற்றியவர் அதை எடுக்க மறந்தால், பழைய பூட்டின் சாவியை வைத்துப் புதிய பூட்டைத் திறந்து பார்த்த கதைதான். சரிபார்க்கும் ரிசால்வர்கள் உங்கள் டொமைனை முற்றாக மறுத்துவிடும். சரிபார்க்காதவை கவலையின்றிப் பதில் சொல்லும். அலுவலகத்தில் தளம் திறக்கும், பக்கத்துக் கடையில் திறக்காது. .எல்கே டொமைன் வைத்திருப்பவர்கள் பதிவகத்தின் கணக்கில் பார்க்கலாம். .இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயர் வைத்திருப்பவர்களுக்கும் அதே பதிவகம்தான். நேம்சர்வரை மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே டிஎஸ் பதிவை எடுத்துவிட்டு, குடியேறிய பிறகு புதியதைப் போடுவதுதான் முறை.

ரௌட்டரில் 8.8.8.8 போட்டேன். அதனால் மெயில் திரும்புமா?

ஜிமெயிலோ வேறு வெளிச் சேவையோ பாவித்தால் திரும்பாது. பெறுநரின் சர்வரைத் தேடுவது உங்கள் ரௌட்டர் அல்ல, அந்தச் சேவையின் சர்வர். வேறு காரணத்தைத் தேடுங்கள்.

அலுவலகத்துக்குள் சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது பெரிய விடயம். அலுவலகத்தின் உள் டிஎன்எஸ்ஸில் உங்கள் டொமைனுக்கு ஒரு தனிப் பிரதி இருந்தால், வெளியில் செய்த மாற்றம் உள்ளே தெரியாது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளைப் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது தனி அறைக்குள் பூட்டி இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், டிஎன்எஸ் விவரக் கோப்பின் ஒரு பிரதியைத் தன் அறைக்குள்ளேயே வைத்திருக்கும். நீங்கள் வெளியே உள்ள கோப்பைத் திருத்துவீர்கள். எல்லாக் கட்டளையும் சரியான பதில் தரும். மெயில் மட்டும் மூடிவிட்ட பழைய டிஎன்எஸ்ஸையே கேட்டுக்கொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்கிவிட்டு உள்ளே இருக்கும் பிரதியையும் பாருங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு போனது.

"நீங்கள் தடைப்பட்டியலில் இருக்கிறீர்கள்" என்று திரும்பியது. பட்டியலில் தேடினால் நாங்கள் இல்லை. பொய்யா?

பொய்யென்று சொல்ல முடியாது, தவறான புரிதல் என்று சொல்லலாம். டிஎன்எஸ்ஸை மாற்றியவர் நீங்கள் அல்ல, பெறுநராக இருக்கலாம். குப்பை மெயில் அனுப்பும் சர்வர்களைக் குறித்துவைக்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்கள், 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்பவர்களுக்குப் பட்டியல் விவரம் தராது. "இந்த வழியாகக் கேட்காதே" என்பதற்கு அடையாளமாக 127.255.255.254 என்ற எண்ணைத் திருப்பும். எந்த எண் வந்தாலும் "பட்டியலில் இருக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளும் சர்வர், தனக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் துரத்தும். திரும்பி வந்த கடிதத்தில் அந்த எண்ணோ, பொது ரிசால்வர் பற்றிய குறிப்போ இருந்தால், அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மின்னஞ்சலில் சொல்ல முடியாது, அதுவும் திரும்பும்.

வேறு எப்போது பெறுநர் பக்கத்தில் பிழை?

அவர்களின் எம்எக்ஸ் பதிவு தொலைந்துபோனால். எம்எக்ஸ் இல்லையென்றால் அனுப்பும் சர்வர் சும்மா நிற்காது. விதிப்படி அந்த டொமைனின் ஏ பதிவு காட்டும் சர்வரின் கதவைத் தட்டும். அங்கே இருப்பது தளம். கடிதம் வாங்க அங்கு ஆள் இல்லை, அல்லது "இந்தப் பெயரில் யாரும் இல்லை" என்று ஒருவர் சொல்லிவிடுவார். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளரின் முகவரி திடீரென்று இல்லையென்றானால், முகவரியைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதற்கு முன் அவருடைய எம்எக்ஸ்ஸைப் பாருங்கள்.

பிடிஆர் பதிவை டொமைன் விற்றவரிடம் கேட்டேன். "எங்களிடம் இல்லை" என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?

இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார். பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் பதிவுகள் டொமைன்காரரிடம். எண்ணிலிருந்து பெயருக்கு வரும் பிடிஆர், அந்த ஐபியைத் தந்தவரிடம். இணைய இணைப்புத் தந்த நிறுவனத்திடமோ சர்வரை வாடகைக்குத் தந்தவரிடமோ கேளுங்கள். அவர்கள் எழுதித்தரும் பெயர், உங்கள் டிஎன்எஸ்ஸில் அதே ஐபியைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது.

எழுதும்போது நேரும் பிழைகள் எவை?

இறுதிப் புள்ளி. சில இடங்களில் முழுப் பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைக்காவிட்டால் டொமைன் பெயர் இரண்டு தடவை ஒட்டிக்கொள்ளும். எம்எக்ஸ், உலகில் இல்லாத ஓர் ஊரைக் காட்டும். அடுத்தது, ஏற்கனவே இருக்கும் எஸ்பிஎஃப்பைத் திருத்தாமல் இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பது. இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. எஸ்பிஎஃப்புக்குள் டிஎன்எஸ் விசாரணைகள் பத்தைத் தாண்டினாலும் செல்லாது. நீளமான டிகிம் சாவியை ஒட்டும்போது நடுவே இடைவெளியோ வரி முறிவோ புகுவதும் உண்டு. ஒரு டெக்ஸ்ட் துண்டுக்கு 255 எழுத்துதான் எல்லை, ஆகவே 2048 பிட் சாவியைத் துண்டாக்கி எழுத வேண்டும். சில கட்டுப்பாட்டுப் பலகைகள் தாமே துண்டாக்கும், சில மௌனமாக வெட்டிவிடும்.

கிளவுட்ஃபிளேர் என்ற டிஎன்எஸ் சேவையில் மெயில் சர்வரின் ஏ பதிவுக்கு, உண்மையான ஐபியை மறைக்கும் செம்மஞ்சள் முகில் எரிந்தால் அணைத்துவிடுங்கள். அந்த மறைப்பு தளத்துக்கு மட்டும் உரியது. எரிந்தால் உங்கள் மெயில் மென்பொருள் சர்வரை அடையாது, கடிதம் திரும்பக்கூட மாட்டாமல் அப்படியே நிற்கும்.

அடுத்த முறை மாற்றும்போது என்ன செய்வது?

பழைய இடத்துப் பதிவுகள் முழுவதையும், ஒன்றும் விடாமல், ஒரு கோப்பில் எடுத்துவையுங்கள். ஏற்றுமதி வசதி இல்லையென்றால் கைத்தொலைபேசியில் படமாவது எடுங்கள். நேம்சர்வரை மாற்றும் முன்பே புதிய இடத்தில் அத்தனையையும் எழுதிவிடுங்கள். மாற்றப்போகும் பதிவுகளின் ஆயுட்காலத்தை முதல் நாளே 300 விநாடிக்குக் குறைத்துவையுங்கள். பழைய கணக்கை ஒரு வாரத்துக்காவது மூடாதீர்கள். மாத வாடகையை மிச்சம் பிடிக்க அன்றே மூடியவர்கள்தான் என்னைப் பதற்றத்தோடு அழைக்கிறார்கள்.

சரிசெய்தாயிற்று. திரும்பி வந்தவை தாமாகப் போய்விடுமா?

4இல் தொடங்கிய பதிலோடு வரிசையில் நிற்பவை போகும். சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் வரை முயலும். 5 என்று திரும்பியவை போகா, நீங்கள்தான் மறுபடி அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் உங்களுடைய ஜிமெயில் ஒன்றுக்கு ஒரு வரி எழுதி அனுப்பி, வந்ததும் மூலத்தைத் திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே தேர்ச்சி என்று இருந்தால் ஜெர்மன்காரருக்கு எழுதலாம். தாமதத்துக்கு மன்னிப்பும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.